கொசுவலையும் குடலிறக்கமும்

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் பாறை தாண்டிக் குதித்து, அம்பாசமுத்திரத்தையும் கல்லிடைக்குறிச்சியையும் பச்சையாக்கி, நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே நடந்து கடல் சேரும் தாமிரபரணியைப் பற்றி நம் மலரில் ஆண்டு தவறாமல் ஒருவர் எழுதிவிடுகிறார். நானும் அந்த ஆற்றங்கரை விளைபொருள் ஒன்றைப் பற்றித்தான் எழுத வந்திருக்கிறேன். நெல்லைப் பற்றியன்று, வாழையைப் பற்றியுமன்று. கொசுவைப் பற்றி! கொசுவுக்குப் பயந்து மனிதன் கட்டிக்கொண்ட வலை, பின்னாளில் அவன் வயிற்றுக்குள்ளேயே போய் அமர்ந்த வரலாறு உங்களில் பலருக்குத் தெரிந்திராது. எனக்கும் ஈராண்டுக்கு முன்வரை தெரியாது. தெரிந்துகொள்ள நேர்ந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தந்தை வீரவநல்லூரில் தறி நெய்பவர். பதினான்கு வயதில் தறிக்குழிக்குள் காலை விட்டவர், இன்றும் எடுக்கவில்லை. எங்கள் ஊர்ச் செடிபுட்டாச் சேலைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தபோது தெருவில் மிட்டாய் கொடுத்தார்கள். கூலி ஏறியதா என்பது வேறு கதை. அவருக்கு இரண்டாண்டுகளாகத் தொடையும் வயிறும் சேரும் இடத்தில் ஒரு புடைப்பு இருந்திருக்கிறது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இருமும்போது அந்த இடத்தைக் கையால் அழுத்திக்கொள்வதை என் தாய் கண்டுபிடித்தபின்தான் விஷயம் வெளியே வந்தது. குடலிறக்கம்.

நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அறுவை செய்ய வேண்டும், உள்ளே வலை வைத்துத் தைக்க வேண்டும் என்றார்கள். வலைக்குத் தனிக் கட்டணம். சாதாரண வலை, மெல்லிய வலை, வெளிநாட்டு வலை என்று மூன்று விலைகள் எழுதிய அட்டை ஒன்றை நீட்டினார்கள். மூன்றில் குறைந்த விலையே என் தந்தையின் ஒரு மாதத் தறிக்கூலியைத் தாண்டியது. அவர் அட்டையை வெகுநேரம் பார்த்துவிட்டு, மேசைக்கு அப்பால் இருந்த பெண்ணிடம் கேட்டார்: "ஏம்மா, வலைன்னு சொல்லுதியளே, அது என்ன நூலு? நெசவா, பின்னலா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு ஐயா?" என்றார்கள். என் தந்தை அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தார். அடுத்த ஓராண்டு அந்தப் புடைப்போடுதான் தறியில் உட்கார்ந்தார். பிறகு அரசு மருத்துவமனை ஒன்றில் அறுவை நடந்து, நலமாகவே இருக்கிறார். ஆனால் அந்தக் கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. நாற்பதாண்டு நெய்த ஒரு மனிதர், தன் உடம்புக்குள் வைக்கப்போகும் துணி என்ன துணி என்று கேட்டால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது? அந்தப் பதிலைத் தேடிப் போனதன் விளைவே இக்கட்டுரை.

வயிற்றுச் சுவர் என்பது தசையும் நார்த்திசுவும் அடுக்கடுக்காய் அமைந்த ஒரு துணி போன்றது. எங்காவது அது நைந்து இளகினால், உள்ளிருக்கும் குடல் அந்த வழியே பிதுங்குகிறது. முற்காலத்தில் கிழிந்த விளிம்புகளை இழுத்துச் சேர்த்துத் தைத்தார்கள். இத்தாலிய மருத்துவர் பாசினி 1880களில் இதை ஒரு ஒழுங்கான முறையாக்கினார். ஆனால் நைந்த துணியை இழுத்துத் தைத்தால் என்ன ஆகும் என்று எந்தத் தையற்காரரும் சொல்வார்: தையலுக்குப் பக்கத்திலேயே மறுபடி கிழியும். அப்படித்தான் பலருக்குக் குடலிறக்கம் திரும்ப வந்தது. ஒட்டுப்போட வேண்டிய இடத்தில் இழுத்துத் தைத்ததே பிழை. 1958இல் அமெரிக்க மருத்துவர் பிரான்சிஸ் அஷர் பாலிஎத்திலீன் இழையாலான வலையைப் பயன்படுத்திய செய்தி வெளிவந்தது. பின்னர் அதே இடத்துக்குப் பாலிபுரோப்பிலீன் வந்தது. இழுக்காமல் மேலே ஒட்டுப்போடுவதே இன்று உலகெங்கும் வழக்கம்.

அப்படியென்றால் ஏன் வலை? நல்ல அடர்ந்த துணியாக இருக்கக் கூடாதா? இங்கேதான் நம் விலங்கியல் பாடம் உதவுகிறது. அன்னியப் பொருள் எது உள்ளே போனாலும் உடல் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி ஒதுக்கி வைக்கப் பார்க்கும். ஆனால் அந்தப் பொருளில் போதிய அளவு துளைகள் இருந்தால், துளைகளின் வழியே நார்த்திசுவும் இரத்தக் குழாய்களும் வளர்ந்து ஊடுருவி, வலையைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும். பந்தலில் கொடி ஏறுவது போல. துளை 75 மைக்ரானுக்கு மேல் இருந்தால்தான் இது நன்றாக நடக்கும் என்று 1997இல் வெளிவந்த ஒரு வகைப்பாடு கூறுகிறது. ஒரு மில்லிமீட்டரில் பதின்மூன்றில் ஒரு பங்கு எனலாம். ஆக, அந்த ஒட்டின் பலம் துணியில் மட்டும் இல்லை. துணி இல்லாத இடத்திலும் இருக்கிறது.

அடுத்தது நூல். தறிக்காரர் வீட்டுப் பெண்ணாகிய எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நூல் இருவகை: பல மெல்லிழைகளை முறுக்கி எடுத்த நூல், தூண்டில் நரம்பைப் போல ஒரே இழையாய் உள்ள நூல். முறுக்கு நூலின் இழைகளுக்கிடையே பத்து மைக்ரானுக்கும் குறைவான சந்துகள் இருக்கும். ஒரு நுண்கிருமியின் அளவு ஏறக்குறைய ஒரு மைக்ரான். அது சந்துக்குள் தாராளமாக நுழையும். அதைத் துரத்திப் பிடிக்க வேண்டிய பெருவிழுங்கு செல்களோ பத்து மைக்ரானுக்கும் பெரியவை, வாசலில் நின்றுவிடும். திருடன் போகும் சந்தில் காவலர் போக முடியாத நிலை! எனவே கிருமிக்கு அஞ்சினால் ஒற்றை இழையே மேல்.

ஆனால் ஒற்றை இழைக்கு ஒரு குறை உண்டு: அது விறைப்பானது. இதைப் புரிந்துகொள்ளப் புத்தகம் வேண்டாம், பத்தமடைக்குப் போனால் போதும். நம் ஆற்றங்கரைக் கோரையைக் கிழிக்காமல் நெய்த பாய் பலகை போல நிற்கும், சுருட்டத்தான் முடியும். அதே கோரையை நுணுக்கமாகக் கிழித்து நெய்த பட்டுப்பாயைக் கைக்குட்டை போல் மடிக்கலாம். பொருள் ஒன்றே, கனம்தான் வேறு. இயற்பியல் தோழியரைக் கேட்டேன். உருண்டையான ஓர் இழையின் குறுக்களவைப் பாதியாக்கினால் வளைவதற்கு அது காட்டும் எதிர்ப்பு பதினாறில் ஒரு பங்காகக் குறையுமாம். ஒரு தடித்த இழைக்குப் பதில் பாதிக் குறுக்களவில் நான்கு இழைகளை வைத்தால் மொத்தப் பொருள் அதேதான். ஆனால் விறைப்பு நான்கில் ஒன்று. பத்தமடைக்காரர்கள் இந்தக் கணக்கைப் போடாமலே விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள்.

மெத்தென்று இருக்க வேண்டுமானால் பல மெல்லிழை. கிருமி தங்காதிருக்க வேண்டுமானால் ஒற்றை இழை. இரண்டும் ஒன்றையொன்று முறைக்கின்றன. இந்த முறைப்பைத் தீர்க்கிற வழிதான் வலையின் அமைப்பு. ஒற்றை இழையையே எடுத்துக்கொள், அதை மெல்லியதாக்கு, நெய்யாதே, கண்ணி கண்ணியாகப் பின்னு, கண்ணிகளைப் பெரிதாக்கு.

ஏன் நெய்யக் கூடாது? உங்கள் தாவணியை நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். கொடுக்காது, ஏனெனில் பாவு நூல் நேராக நிற்கிறது. அகலவாக்கில் இழுத்தாலும் ஊடை நூல் விடாது. மூலைக்கு மூலை இழுத்தால் மட்டும் கொஞ்சம் நெகிழும். ஆனால் திருப்பூர்ப் பனியனை எந்தப் பக்கம் இழுத்தாலும் கொடுக்கும். நூல் நீளவில்லை, வளைந்திருந்த கண்ணிகள்தாம் திறந்து நீள்கின்றன. விட்டால் பழையபடி சுருங்கும். நம் வயிறும் அப்படிப்பட்டதே. மூச்சுக்கு மூச்சு அசைகிறது, உண்டால் விரிகிறது, நின்றபடி இருமினால் உள்ளழுத்தம் நூறு மில்லிமீட்டர் பாதரச அளவையும் தாண்டும். இந்தச் சுவரில் இரும்புத் தகடு போல் ஒன்றை ஒட்டினால் தகடு கிழியாது. ஆனால் தகடும் தசையும் சேரும் விளிம்பு கிழியும், வலிக்கும். தொடக்ககால வலைகள் தேவைக்கு மீறிய கனமுடையவையாக இருந்தன. எவ்வளவு உறுதியோ அவ்வளவு நல்லது என்று எண்ணிவிட்டார்கள். 1990களின் பிற்பகுதியில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கனம் குறைந்த, கண் பெருத்த வலைகளைக் கொண்டுவந்தார்கள். அட்டையில் எழுதியிருந்த "மெல்லிய வலை" அதுதான் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு அந்த மேசையில் இதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

இனிக் கொசுவலை. மகாராஷ்டிர மாநிலம் துலே மாவட்டத்தில் தொண்டைச்சா என்ற சிற்றூர். அங்கே அறுவை மருத்துவராகப் பணியாற்றிய டாக்டர் ரவீந்திரநாத் தோங்காவ்கர், கிராமத்து ஏழைகளால் வலை வாங்க முடியாததைக் கண்டார். இறக்குமதி வலையும் கடைத்தெருக் கொசுவலையும் ஒரே குடும்பத்து இழைகளால், ஏறக்குறைய ஒரே மாதிரிப் பின்னலில் ஆனவை என்பது அவர் கண்ணில் பட்டது. பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் கலந்த கொசுவலைத் துணியை வாங்கி, வெட்டி, கழுவி, கிருமி நீக்கி நோயாளிகளுக்கு வைத்தார். மற்ற ஊர் மருத்துவர்களையும் சேர்த்துக்கொண்டு, பலவிடங்களில் செய்த அறுவைகளின் விளைவை 2003இல் இந்திய அறுவை மருத்துவ இதழில் வெளியிட்டார். பெரிய நகரத்துப் பெரிய கல்லூரியன்று. ஒரு சிற்றூர் மருத்துவமனை. அவர் கேட்டதும் என் தந்தை கேட்ட அதே கேள்விதான்: அது என்ன நூல்?

கதை இதோடு நிற்கவில்லை. சுவீடன் நாட்டு மருத்துவர்களும் உகாண்டா நாட்டு மருத்துவர்களும் சேர்ந்து, இதை முறையாகச் சோதித்தார்கள். உகாண்டாவில் 302 ஆடவர்களைச் சீட்டுக் குலுக்கியது போல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொசுவலை வகைத் துணியும் மறு பாதிக்குக் கம்பெனி வலையும் வைத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது கொசுவலைப் பிரிவில் ஒருவருக்கு மட்டும் குடலிறக்கம் திரும்ப வந்திருந்தது, மற்றதில் யாருக்குமில்லை. வேறு சிக்கல்களிலும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. 2016 சனவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இது வெளிவந்தது. ஒரு வலையின் விலை ஏறக்குறைய ஒரு டாலர். மற்றதன் விலை நூறு டாலருக்கு மேல்.

இதைப் படித்துவிட்டு நான் விடுதி முழுக்க ஓடி எல்லோரிடமும் சொன்னேன். ஒரு தோழி முகம் சுளித்தாள். "ஏழைன்னா கொசுவலை, பணக்காரன்னா அசல் வலையா?" என்றாள். நியாயமான கேள்வி. நான் இரண்டு நாள் யோசித்தேன். ஏழைக்கு மட்டமான பொருள் போதும் என்று யாராவது சொன்னால் அவரோடு நான் சண்டைக்கு நிற்பேன். ஆனால் மட்டமா, இல்லையா என்பதை விலையைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. சோதனையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கொசுவலை என்னும் பெயரில் இழிவு ஒன்றும் இல்லை. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனிக்கு மாற்றுக் குழாய் செய்யப் புறப்பட்ட மருத்துவர் டிபேக்கி, 1950களில் ஹூஸ்டன் நகரக் கடையொன்றில் நைலான் துணி கேட்டார். நைலான் தீர்ந்துபோனதால் கடைக்காரர் டேக்ரான் கொடுத்தார். அதைக் கொண்டுபோய் வீட்டுத் தையல் இயந்திரத்தில் தானே குழாயாகத் தைத்தார். டேக்ரான் என்பது வேறொன்றுமில்லை, நம் தாத்தாக்கள் பெருமையாய் அணிந்த டெரிலின் சட்டையின் அதே பாலியெஸ்டர். உலகப் புகழ் பெற்ற மருத்துவர் சட்டைத் துணியை நெஞ்சுக்குள் வைத்தால் கண்டுபிடிப்பு. கிராமத்து மருத்துவர் கொசுவலையை வயிற்றில் வைத்தால் கேவலமா?

ஆயினும் இன்றே கடைத்தெருவுக்குப் போய்க் கொசுவலை வாங்கி வந்து வைக்கலாம் என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். இப்போது விற்கும் வலைகளில் பல, பூச்சிமருந்து ஏற்றப்பட்டவை. அவற்றை உடலுக்குள் நினைத்தும் பார்க்கக் கூடாது. மற்றொன்று வெப்பம். பாலிபுரோப்பிலீன் 160 டிகிரியை ஒட்டித்தான் உருகும். பாலிஎத்திலீனோ 130 டிகிரிக்குள்ளாகவே இளகிவிடும். நீராவியில் கிருமி நீக்க 121 டிகிரி போதும் என்றாலும், அவசரத்துக்கு 134 டிகிரியில் வைக்கும் வழக்கமும் உண்டு. அந்தச் சூட்டில் பாலிஎத்திலீன் வலை சுருண்டு பாழாகும். உகாண்டாவில் அந்தத் துணி வென்றது என்றால், எந்தத் துணி, எந்த வெப்பத்தில், எப்படிக் கழுவி என்பதையெல்லாம் முன்கூட்டிச் சோதித்திருந்ததால் வென்றது. கடைக்குக் கடை, கட்டுக்குக் கட்டு மாறும் துணிக்கு அந்த உறுதி கிடையாது. நம் நாட்டிலும் 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகள் உள்ளன. உடலுக்குள் வைக்கும் பொருளுக்கு உரிமம் வேண்டும். வேண்டியதுதான். உரிமம் பெற்ற வலையின் விலையில் கழுவலும் சோதனையும் உறையிடலும் அடக்கம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நூறு மடங்கும் அதிலேயே அடங்கிவிடுமா என்பதே என் ஐயம்.

துணி நல்லதாயிருந்தாலும் இடம் தவறானால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. பெண்கள் கல்லூரி மலரில் இதைச் சொல்லாமல் விட்டால் நான் கோழையாவேன். பிள்ளைப்பேற்றுக்குப் பின் சிலருக்குக் கருப்பை கீழிறங்கும். வயிற்றில் வெற்றி பெற்ற அதே வகை வலையைப் பிறப்புறுப்பின் வழியே அங்கே வைக்கத் தொடங்கினார்கள். வலை திசுவை அரித்து வெளியே வந்தது, தீராத வலி, எடுக்கவும் முடியாமல் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் அவதியுற்று நீதிமன்றம் ஏறினார்கள். 2019 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அந்த விற்பனையை நிறுத்த உத்தரவிட்டது. அதே பாலிபுரோப்பிலீன்தான்! ஒரு பொருள் உடலுக்கு ஒத்தது, ஒவ்வாதது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது என்பதை நான் இதில்தான் கற்றேன். எந்த உடல், எந்த இடம், எவ்வளவு அசைவு, பக்கத்தில் என்ன திசு என்று கேட்க வேண்டும். அந்தப் பெண்கள் பலர் வலி என்று சொன்னபோது "எல்லாம் மனப்பிரமை" என்று அனுப்பப்பட்டார்கள் என்பதைப் படித்தபோது, அந்த மேசைச் சிரிப்பு மறுபடி என் காதில் கேட்டது.

சரி, இதெல்லாம் நமக்கெதற்கு, உகாண்டாவும் ஹூஸ்டனும் எங்கே, நெல்லை எங்கே என்று கேட்பீர்கள். மலையைத் தாண்டிப் பாருங்கள். நம்மிடமிருந்து சில மணி நேரப் பயணத்தில் திருவனந்தபுரம். அங்கே ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம். டாக்டர் வலியத்தான் தலைமையில் அங்கே உருவான இதய வால்வு, 1990 டிசம்பர் 6ஆம் நாள் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இன்றைக்கு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் நெஞ்சில் அந்த வால்வு துடித்திருக்கிறது. உலோகச் சட்டம், பிளாஸ்டிக் தட்டு என்று எல்லோரும் எழுதுவார்கள். மூன்றாவது உறுப்பை யாரும் கவனிப்பதில்லை: பாலியெஸ்டர் நூலால் பின்னிய ஒரு துணி வளையம். வால்வை இதயத்தோடு தைப்பது அந்தத் துணியில்தான். உலோகத்தில் ஊசி இறங்காது. தசையும் உலோகத்தைப் பற்றாது. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் முறை துடிக்கும் உறுப்புக்கும் அசையாத உலோகத்துக்கும் நடுவே நின்று சமாதானம் செய்வது ஒரு முழம் கூட இல்லாத துணி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெற்றி பெற்றது நான்காவது மாதிரி. அதற்கு முந்தியவை சோதனையிலேயே தோற்றவை. தோல்விகள் சோதனைக் கூடத்தோடு நின்றதால்தான் நோயாளியின் நெஞ்சுக்குப் போகவில்லை.

நம் பக்கத்தில் என்ன இருக்கிறது? 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்து நீர்வீழ்ச்சியின் ஆற்றலை நம்பி நூற்பாலை தொடங்கிய பள்ளத்தாக்கு இது. வீரவநல்லூரிலும் மேலப்பாளையத்திலும் தறிச்சத்தம் கேட்டே வளர்ந்தவர்கள் நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். கொஞ்சம் வடக்கே போனால் கரூரில் கொசுவலைக்கு இழை இழுத்துப் பின்னும் ஆலைகள், திருப்பூரில் பின்னல், கோவையில் 1956 முதல் இயங்கும் சிட்ரா, மருத்துவத் துணிகளுக்கென்றே தனிப் பிரிவும் சோதனை வசதியும் வைத்திருக்கிறது. பாளையங்கோட்டையில் 1965 முதல் அரசு மருத்துவக் கல்லூரி. சுசுருதர் காலத்திலேயே எல்லாம் நம்மிடம் இருந்தது என்று மார்தட்டும் கட்டுரை எழுத நான் வரவில்லை; இன்று இருப்பதையே நாம் ஒன்றோடொன்று சேர்க்கவில்லை என்றுதான் சொல்கிறேன். நூலறிந்தவருக்கு உடல் தெரியாது. உடலறிந்தவருக்கு நூல் தெரியாது. இருவரையும் அறிமுகப்படுத்தி வைக்க இந்த மாவட்டத்தில் ஒரு பெஞ்சு கூட இல்லை.

நம் கல்லூரியையே எடுத்துக்கொள்வோம். விலங்கியல் துறைக்கும் இயற்பியல் துறைக்கும் நடுவே ஒரு வேப்பமரம்தான் இருக்கிறது. மூன்றாண்டில் ஒருமுறைகூட அந்த மரத்தைத் தாண்டி ஒரு பாடம் வந்ததில்லை. நாங்கள் பெருவிழுங்கு செல்லைப் படம் வரைந்து மதிப்பெண் வாங்குகிறோம்; அவர்கள் கம்பி வளைவதற்குச் சமன்பாடு எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். இரண்டும் ஒரே வலைக்குள் சந்திக்கின்றன என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஆசிரியர்களைக் குறை கூறவில்லை. பாடத்திட்டம் அவர்கள் கையிலும் இல்லை. ஆனால் ஆண்டுதோறும் நாம் போகும் கல்விச் சுற்றுலா நம் கையில் இருக்கிறதல்லவா? குற்றாலத்துக்கும் கொடைக்கானலுக்கும் எத்தனை முறைதான் போவது? ஒரு முறை வீரவநல்லூர்த் தறிக்கும், ஒரு முறை கோவை சிட்ராவுக்கும் போகலாம். அறுவை மருத்துவர் ஒருவரையும் நெசவாளர் ஒருவரையும் ஒரே மேடையில் அமர்த்தலாம். மன்ற விழாவுக்குச் சினிமாக்காரர்களை அழைக்கச் செலவாகும் தொகையில் பாதி போதும்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. 2017 பிப்ரவரியில் இதயக் குழாய்க்குள் வைக்கும் ஸ்டென்டுக்கு உச்ச விலை விதித்தார்கள். சாதாரண உலோக ஸ்டென்டுக்கு 7,260 ரூபாய், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய். அதற்கு முன் நோயாளிகள் கொடுத்துவந்த தொகையோடு ஒப்பிட்டபோது நாடே வாய் பிளந்தது. குடலிறக்கம் மாரடைப்பு போல் செய்தியாவதில்லை. மூட்டை சுமப்பவர்களுக்கும் வயலில் நிற்பவர்களுக்கும் வருவது, வெளியே சொல்லக் கூசுவது. அதனால்தான் அந்த விலை அட்டையை யாரும் கேள்வி கேட்பதில்லை. விலைக்கு வரம்பு விதிப்பது பிறகு இருக்கட்டும். எந்த நூல், ஒற்றை இழையா முறுக்கிழையா, கண் எவ்வளவு, சதுர மீட்டருக்கு எடை எவ்வளவு, ஏன் இந்த விலை என்று அந்த அட்டையிலேயே தமிழில் எழுத வேண்டும் என்பதே என் கோரிக்கை. சேலை வாங்கும்போது இத்தனையும் கேட்டு வாங்குகிறோம்.

சென்ற மாதம் விடுமுறைக்கு ஊர் போனபோது, மருந்து ஏற்றாத கொசுவலைத் துண்டு ஒன்றை வாங்கிப் போனேன். என் தந்தை இழை எண்ணும் கண்ணாடியை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, கண்ணி கண்ணியாகப் பார்த்தார். நீளவாக்கில் இழுத்தார், அகலவாக்கில் இழுத்தார், அறுபட்ட ஓரத்தை நகத்தால் நெருடிப் பிரிகிறதா என்று பார்த்தார்.

"இது நம்ம தறியில வராது எம்மா. இது ஊசிப் பின்னலு. ஒரு கண்ணி அறுந்தாலும் ஓடாம நிக்குது பாரு, கெட்டிக்காரத்தனமாப் பின்னியிருக்காவ" என்றார். சிறிது நேரம் கழித்து, தன் அடிவயிற்றைத் தொட்டுக்கொண்டு கேட்டார்: "இதைக் கொதிக்க வச்சா சுருங்குமா? எந்தப் பக்கம் சுருங்கும்? பாவுப் பக்கம் ஒரு அளவு, ஊடைப் பக்கம் ஒரு அளவுன்னா, உள்ள வச்ச பொறவு ஒருபக்கமா இழுக்குமே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நானும் இயற்பியல் தோழியர் இருவரும் சேர்ந்து அந்தத் துணியில் பத்து சென்டிமீட்டர் சதுரங்கள் பன்னிரண்டை வெட்டி, நீளப்பக்கம் எது, அகலப்பக்கம் எது என்று மையால் குறித்து வைத்திருக்கிறோம். தாவரவியல் துறைத் தலைவர் தம் ஆட்டோகிளேவைப் பயன்படுத்த அனுமதித்திருக்கிறார். முதல் நான்கு சதுரங்களை வரும் திங்கட்கிழமை 121 டிகிரியில் வைக்கிறோம்.